உனக்கு ஆண்ட்ராய்டே போதும் என்று நான் ஏன் சொன்னேன்

பாப்பா,

இருபது வருஷமாகப் போன் விற்றும் போன் பழுது பார்த்தும் பிழைக்கிற மனுஷன், பெற்ற மகளுக்குக் காகிதத்தில் எழுதுகிறானே என்று உனக்குச் சிரிப்பு வரும். வாட்ஸ்அப்பில்தான் எழுத ஆரம்பித்தேன். மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் அழித்தேன். மூன்றாவது தடவை, நான் எழுதிக்கொண்டிருப்பது உன் பக்கம் தெரிந்து, "என்னப்பா, எழுதறீங்க எழுதறீங்க, ஒண்ணும் வரமாட்டேங்குது?" என்று நீயே கேட்டாய். கை தவறிப் பட்டுவிட்டது என்று சொன்னேன். அது பொய். காகிதத்தில் எழுதினால் அடித்தால்கூட அடித்தது தெரியும், அதனால்தான் இது. காலை நேரம், பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் இன்னும் கூட்டம் சேரவில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் கூரியரில் ஓசூருக்குப் போட்டுவிடுவேன். யோசிக்க நேரம் கொடுத்தால் நான் மறுபடி பின்வாங்கிவிடுவேன்.

போன மாதம் உன் நிச்சயதார்த்தப் பந்தியில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். மாப்பிள்ளையின் அம்மா உன்னிடம், "நாலு வருஷத்துக்கு மேல வெளியூர்லயே இருந்திருக்கியேம்மா, உங்கப்பா பயப்படலியா?" என்று கேட்டார்கள். நீ பட்டென்று சொன்னாய்: "எங்கப்பா ஒருநாளும் என்னை எங்க போன, யாரோட போனன்னு கேட்டதே இல்லைங்க அத்தை. என் மேல அவ்ளோ நம்பிக்கை." பந்தியே என்னைத் திரும்பிப் பார்த்தது. உன் பெரிய மாமா என் முதுகில் தட்டினார். நான் இலையில் இருந்த பாயசத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. நீ சொன்னதில் பாதி சரி, பாப்பா. நான் கேட்டதில்லை. ஆனால் அதற்குக் காரணம் நம்பிக்கை இல்லை. எனக்குக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. நீ எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரியும்.

நீ சேலத்தில் கல்லூரிக்குச் சேர்ந்தபோது உனக்கு ஒரு புதுப் போன் கொடுத்தேன் அல்லவா. நீலக் கலர், பின்னால் பூப்போட்ட கவர். கடையில் நானே பிரித்து, நானே சிம் போட்டு, ஸ்க்ரீன் கார்டு ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டி, ரெடி பண்ணிக் கொடுத்தேன். "அப்பா, எல்லாமே போட்டுக் குடுத்துட்டீங்க, நான் பண்றதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டாய். அந்த எல்லாவற்றிலும் ஒன்று உன் கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் படம் கிடையாது, பெயர் கிடையாது. நீ நிற்கிற இடத்தை என் போனில் ஒரு புள்ளியாகக் காட்டும். யார் யாரோடு பேசினாய் என்று காட்டும். உனக்கு வருகிற மெசேஜையும் எனக்குக் காட்டும். நான்கு வருஷம் அது உன் போனில் இருந்தது. அதை வைத்தது நான். மறுபடி ஒருமுறை படித்துக்கொள், நான் வேறு மாதிரி எழுதப் போவதில்லை.

கடைக்கு யார் வந்து "எதுங்க நல்லது?" என்று கேட்டாலும் நான் பாடுகிற பாட்டு உனக்கு மனப்பாடம். ஆண்ட்ராய்டு என்றால் நம்மூர் தக்காளி மண்டி. யார் வேண்டுமானாலும் பெட்டியோடு வந்து இறக்கலாம், நல்லதும் வரும், அழுகலும் வரும், பார்த்து எடுக்கத் தெரிந்தவனுக்கு எல்லாம் கிடைக்கும். ஐபோன் என்றால் சர்க்கரை ஆலை. ஆலை கொடுக்கிற வெட்டு உத்தரவு இல்லாத கரும்பு கேட்டைத் தாண்டாது, டிராக்டரை ரோட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். பிளே ஸ்டோரில் இல்லாத ஆப்பைக்கூட ஆண்ட்ராய்டில் வெளியிலிருந்து ஒரு ஃபைலாகக் கொண்டுவந்து ஏற்றிக்கொள்ளலாம், ஐபோனில் ஆப் ஸ்டோர் வழியாக வந்ததுதான் உள்ளே போகும் என்று விவசாயிகளிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். "நம்ம போன், நம்ம இஷ்டம்! அவன் யாருங்க கேட்டுல நிக்கிறதுக்கு?" என்று முடிப்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். நம்ம போன், நம்ம இஷ்டம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், உன் போனில் உன் இஷ்டத்தைக் கேட்கவில்லை. இதில் போனைக் குறை சொல்லவும் எனக்கு வழியில்லை. அப்படிப்பட்ட ஆப்பைப் பிளே ஸ்டோரும் உள்ளே விடாது. நான் அதை வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்றும்போது போன் என்னைத் தடுத்தது, இது ஆபத்து, வேண்டாம் என்று எழுதிக் காட்டியது. பரவாயில்லை என்று அழுத்தியது என் விரல்தான்.

இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹாஸ்டலில் துணி துவைக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாய். கடையில் ஒருவருக்குச் சார்ஜர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே புள்ளியைப் பார்க்கிறேன், அது தர்மபுரியைத் தாண்டிப் பென்னாகரம் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஒகேனக்கல். கடையைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்து, பாப்பாரப்பட்டி வழியாகப் பறந்தேன். வழியெல்லாம் உன்னை என்னென்னவோ நினைத்தேன், அதை இங்கே எழுத எனக்கு வாய் கூசுகிறது. அங்கே போனால் நீ மூன்று பெண்களோடு மீன் வறுக்கிற கடையில் உட்கார்ந்திருக்கிறாய். சுடிதார் முழங்கால்வரை நனைந்திருக்கிறது. ஒருத்தி தட்டிலிருந்து நீ மீனைப் பிடுங்கித் தின்கிறாய், அவள் உன் முதுகில் அடிக்கிறாள், நீ சிரிக்கிறாய். நான் எண்ணெய் மசாஜ் செய்கிறவர்கள் விரித்திருந்த தார்ப்பாய்க்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். ஒரு பரிசல்காரர் வந்து, "அண்ணா, தனியாத்தான் வந்தீங்களா? ஒரு ரவுண்டு போலாங்களா?" என்று கேட்டார். பெற்ற மகளைத் திருடன் மாதிரி ஒளிந்து பார்க்கிற என்னை அவர் வெறும் டூரிஸ்ட் என்று நினைத்ததில் எனக்கு நிம்மதி வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அன்று சாயங்காலம் நீயே எனக்குப் போன் செய்தாய். "அப்பா, ஒண்ணு சொல்றேன், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. இன்னைக்கு ஒகேனக்கல் போயிட்டு வந்தோம்" என்றாய். யாரும் கேட்காமல், நீயாகச் சொன்னாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆச்சரியப்படுவது போல நடித்தேன். "அப்படியா! மீன் சாப்டியா பாப்பா?" என்றேன். "நீங்க திட்டுவீங்கன்னு பயந்தேம்ப்பா" என்று உன் குரல் கரைந்தது. உண்மை முழுக்க உன் பக்கம், நடிப்பு முழுக்க என் பக்கம். அதோடு அந்த ஆப்பை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. இன்றைக்குப் புள்ளியும் பேச்சும் ஒத்துப்போகிறது, நாளைக்கு எப்படியோ என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. மூன்றாம் வருஷம் ஒரு பரீட்சையில் எழுதாமல் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தாய். அதை உன் தோழிக்கு எழுதி அழுதாய், வீட்டில் சொல்லத் தைரியம் இல்லை என்றாய். அதைப் படித்துவிட்டு அரை மணி நேரத்தில் நான் உன்னைக் கூப்பிட்டேன். எதுவும் தெரியாதவன் மாதிரி, ஒரு பரீட்சை போனால் என்ன, நான் பத்தாவதே இரண்டு தடவை எழுதினவன் என்று கதை அளந்தேன். "எப்படிப்பா என் மனசு தெரிஞ்ச மாதிரியே கூப்பிடறீங்க?" என்று கேட்டாய். அந்தப் பெருமையை நான் வாங்கிக்கொண்டேன். கடைக்கு வந்தவர்களிடம்கூட, "பெத்தவனுக்குத் தெரியாதுங்களா, உள்ள ஏதோ அடிச்சுக்கும்" என்று பீற்றிக்கொண்டேன். நீ அந்த நினைவைப் பத்திரமாக வைத்திருப்பாய் என்று தெரியும். அதையும் உன்னிடமிருந்து பிடுங்குகிறேன், மன்னித்துக்கொள்.

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த ஒரு வருஷத்தில் உன் சம்பளத்தில் ஐபோன் வாங்கிக்கொண்டு பொங்கலுக்கு வந்தாய். அன்றைக்கு நான் போட்ட சத்தம் உனக்கு மறந்திருக்காது. உன் மாமன் வீட்டு ஆட்கள் எல்லோரும் இருக்கும்போது ஒரு மணி நேரம் பேசினேன். சார்ஜர்கூடப் பெட்டியில் தரமாட்டான், டிஸ்ப்ளே உடைந்தால் பாலக்கோட்டில் ஆள் கிடையாது, ஆண்ட்ராய்டில் சும்மா கிடைக்கிற ஆப்புக்கு இதில் காசு கேட்பான், நம்ம பாட்டை ரிங்டோனாக வைக்கப் பத்து வேலை பார்க்க வேண்டும், "உனக்கு ஆண்ட்ராய்டே போதும், எதுக்கு இந்த ஜம்பம்?" நீ எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாய். கேமரா நல்லா இருக்குப்பா, நாலஞ்சு வருஷம் அப்டேட் வரும்ப்பா என்றாய். பிறகு ஒரு ஆப்பைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாய். "இங்க பாருங்க, நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்சுக்க இந்த ஆப்பு என்கிட்ட கேக்குது பாருங்க. வேணாம்னா வேணாம்தான். எனக்கு இது புடிச்சிருக்குப்பா." உனக்குத் தெரிந்துவிட்டதோ என்று உன் முகத்தையே பார்த்தேன். அதில் புதுப்பொருள் வாங்கிய சந்தோஷத்தைத் தவிர ஒன்றும் இல்லை. நான் கேமராவைப் பற்றியோ சார்ஜரைப் பற்றியோ அன்று கத்தவில்லை, பாப்பா. என் புள்ளி போய்விட்டது என்று கத்தினேன். உன் கண் கலங்கியதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. பழைய போனை நீ என்னிடமே கொடுத்தாய், நான் கடைக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் சுத்தமாக அழித்தேன்.

இத்தோடு போயிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். செத்தாலும் சொல்லாமல் செத்திருப்பேன். ஆனால் இது உன்னோடு நிற்கவில்லை. நம் கடையில் இதை வேறு அப்பன்மார்களுக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். "பொண்ணு காலேஜ் போறா, ஒரு பாதுகாப்புக்கு" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். நானும் பெண்ணைப் பெற்றவன்தானே என்று, டெம்பர் கிளாஸ் ஒட்டுகிற மாதிரி இதையும் செய்து கொடுப்பேன். அதில் ஒருவர் அதியமான்கோட்டைக்காரர். அவர் பெண் ஒரு பையனோடு பேசியது அதில் தெரிந்து, இரண்டாம் வருஷத்திலேயே படிப்பை நிறுத்திவிட்டார்கள். உன் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா என்று ஒருவர் வந்து என் கையைப் பிடித்தாரே, அவர்தான் அவர். உன் தலையில் பூ வைத்துவிட்ட அந்த ஒல்லிப் பெண் அவருடைய மகள். "அக்கா, நீங்க என்ன படிச்சீங்க?" என்று அவள் உன்னிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

போன செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை கடைக்கு வந்தார். டீ வாங்கி வரச் சொல்லட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். ஷோகேஸில் இருந்த போன்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "மாமா, எங்க சித்தப்பா பொண்ணு போன்ல நீங்கதான் ஏதோ போட்டுக் குடுத்தீங்களாம், ஐபோன்ல அந்த மாதிரி வருங்களா?" என்றார். எனக்குப் புரிந்தது, புரியாதவன் போல விழித்தேன். அவர் சிரித்தார். "தப்பா நினைக்காதீங்க மாமா. ஓசூருக்கும் தர்மபுரிக்கும் போயிட்டு வருவா, பஸ்ல வருவா, ஒரு சேஃப்டிக்குத்தான்" என்றார். அந்த நேரத்தில் ஒரு அப்பன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் மகள் போனில் கை வைக்காதீங்க தம்பி என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "ஐபோன்ல வராதுங்க மாப்பிள்ளை. அது ஆப் ஸ்டோர் தாண்டி எதையும் உள்ள விடாது." கஸ்டமருக்குச் சொல்கிற பதில். ஆப் ஸ்டோரின் கேட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு உனக்காக நான் பேசிய லட்சணம் இவ்வளவுதான். "அப்போ கல்யாணச் சீரோட ஒரு நல்ல ஆண்ட்ராய்டு போனா நீங்களே எல்லாம் போட்டுக் குடுத்துடுங்க மாமா. நீங்க குடுத்தா அவ மறுக்க மாட்டா" என்றார். நான் சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "பாக்கலாங்க" என்றேன். அவர் சந்தோஷமாகக் கைகூப்பிவிட்டுப் போனார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் என்ன வார்த்தையைச் சொல்லி என்னை ஏமாற்றிக்கொண்டேனோ அதே வார்த்தையை அவரும் சொல்கிறார். உனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, அதுவும் தெரியும். அவரோடு பேசிவிட்டு வரும்போது உன் முகம் எப்படி இருக்கிறது என்று எல்லோரையும் போல நானும் பார்க்கிறேன். ஆனால் தெரியாமல் நீ அந்த வீட்டுக்குள் போகக்கூடாது. அவரை நீயே கேள். நேரில் கேள், நேராகக் கேள். அவர் வெட்கப்பட்டால் ஒரு வழி இருக்கிறது. என்னைப் போலப் பாதுகாப்பு என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் நன்றாக யோசி. யார் கொடுத்தாலும், நானே கொடுத்தாலும், பிரித்து ரெடி பண்ணிய போனை வாங்காதே. ஐபோன்தானே கையில் இருக்கிறது என்று அசந்துவிடவும் செய்யாதே. வெளியிலிருந்து ஆப்பை ஏற்றத்தான் அதில் கஷ்டம். உன் ஐடியும் பாஸ்வேர்டும் ஒருவர் கையில் போனால் எந்த ஆப்பும் வேண்டியதில்லை, நீ இருக்கிற இடத்தை அந்தப் போனே காட்டிக் கொடுத்துவிடும். "நமக்குள்ள என்ன, ஒரே ஐடி போதுமே" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். நீயும் அன்பாகவே முடியாது என்று சொல்லிவிடு. நாளைக்கு நீ ஆண்ட்ராய்டுக்கு மாறினாலும் மாறிக்கொள், அதில் தப்பில்லை. பெட்டியை நீ பிரி, சிம்மை நீ போடு.

கல்யாணம் நடக்க வேண்டுமா வேண்டாமா என்பது உன் முடிவு. வேண்டாம் என்றால் உன் பெயர் அடிபட விடமாட்டேன். நானே அதியமான்கோட்டைக்கு, மாப்பிள்ளை வீட்டாரிடமே போய், பந்தியில் இருந்த அத்தனை பேர் முன்னாலும், என்ன செய்தேன் என்று என் வாயால் சொல்லுவேன். அந்த ஒல்லிப் பெண்ணிடமும் சொல்லியாக வேண்டும், அது நீ என்ன முடிவெடுத்தாலும் உண்டு. அந்த ஆப்பின் ஃபைல் இனி என்னிடம் இல்லை, அழித்துவிட்டேன். என்னை நம்பு என்று கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இன்று காலை உன் அம்மா குளித்து, பத்திரிகைப் பையில் மஞ்சள் குங்குமம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, "ஏங்க, குலதெய்வத்துக்கு மொதப் பத்திரிகை வெச்சுட்டு வந்துடலாம், கெளம்புங்க" என்று வாசலில் நின்றாள். என்னால் கிளம்ப முடியவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், ஆனால் அவளிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒகேனக்கல்வரை. அவள் பையைக் கீழே வைத்தாள். உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்து என் முன்னால் மேசைமேல் வைத்தாள். "இதுவும் நீங்க ரெடி பண்ணிக் குடுத்ததுதானுங்களே. இதுலயும் போட்டு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சத்தியமாக இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை, பாப்பா. "இருபத்தாறு வருஷம் கூட இருந்துட்டேன், நீங்க சொல்றது நெசமா பொய்யான்னு எனக்கு இப்பத் தெரியலைங்க" என்றாள். அவள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் போன் அடித்தது. நீதான். தினம் வேலைக்குக் கிளம்பும்முன் கூப்பிடுகிற நேரம். அவள் உன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள், அடித்து ஓயும்வரை நின்றாள். அம்மா ஏன் எடுக்கவில்லை என்று நீ தவித்துக்கொண்டிருப்பாய். அவளுக்கு உன்மேல் ஒன்றும் இல்லை. என் கை பட்ட போனில் உன்னோடு பேச அவளுக்குப் பயமாக இருக்கிறது.

அப்பா